ஆபத்தான கட்டடம்

அவர் வீட்டுக்குள் நடக்கும்போது ஒவ்வொரு மரத்தூணையும் விரலால் தட்டிக் காது வைத்துக் கேட்பார். கரையான் எதைத் தின்று முடித்தது என்று தெரியவேண்டுமே. திருத்தணி மலையடியில் இருநூறு வருடத்து வீடு. இருப்பது அவர் ஒருவர்தான். பாரம்பரியக் கட்டடம் என்பதால் ஓடு மாற்றக்கூட அனுமதி வேண்டும். ஆடிக்கிருத்திகைக்குள் கூரையைச் சரிசெய்ய என்னிடம் வழி கேட்டார். அன்று காவடி எடுத்து வருபவர்கள் அங்கே தங்குவார்கள். வருடத்தில் அந்த ஒரு நாள்தான் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்கும்.

முப்பது வருடம் கோப்பு நகர்த்தியவன் நான். ‘ஆபத்தான கட்டடம்’ என்று எழுதினால் அனுமதி சீக்கிரம் வரும் என்று மனுவை நானே எழுதிக் கொடுத்தேன். அனுமதி வரவில்லை. ‘உள்ளே நுழையாதீர்’ என்ற நோட்டீஸ் மறுவாரமே வாசலுக்கு வந்துவிட்டது.

கிருத்திகையன்று போனேன். காவடிக்காரர்கள் நோட்டீஸைப் படித்துவிட்டு எதிர்வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் அண்டா நிறைய மோர் கரைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“நோட்டீஸை எடுக்க ஒரு மனு போடலாம். மூணு மாசம் ஆகும்,” என்றேன்.

“ஆங், போடுங்க சார். இப்ப உள்ள வந்து மோர் குடிங்க. நீங்க எழுதின ஆபத்துதானே, உங்களுக்கு என்னா பயம்?”

பெரிய அண்டா. நான்கு டம்ளருக்கு மேல் என்னால் குடிக்க முடியவில்லை.