கனடாச் சொக்ஸும் வறுத்த உப்பும்

வினோஜாவுக்குக் குளிர் என்றால் ஆகாது. அளவெட்டியில் சித்திரை வெயிலிலும் இழுத்துப் போர்த்திக்கொண்டு படுக்கிற பிள்ளை. தாதியான அவளுக்குத்தான் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மனிதரைக் குளிராக்கி வைத்திருக்கும் வேலை வந்து வாய்த்தது.

அவர் கொக்குவில் நடராசா. மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே மாடு பாய்ந்து, தலை அடிபட்டு, நினைவில்லாமல் கிடந்தார். மூளை வீக்கம் மருந்துக்கு இறங்கவில்லை.

"உடம்பைக் குளிராக்கிப் பாப்பம். எல்லாருக்கும் கேக்கிற வைத்தியமில்லை. ஆனால் இவருக்கு இனி வேறை வழியில்லை," என்றார் பெரிய டொக்டர்.

குளிர்நீர் ஓடும் விரிப்புக்குள் நடராசாவைக் கிடத்தினார்கள். வினோஜா சுவெட்டரின் மேல் சுவெட்டர் போட்டுக்கொண்டு காவல் இருந்தாள். சூடு ஒழுங்காக இறங்கியது. ஆனால் மனைவி பாலேஸ்வரி பார்த்துவிட்டுப் போனால் மட்டும் மெல்ல ஏறியது. குளிராக்கும் மெசினைத் திருத்துபவர் வந்து பார்த்து, "இதிலை ஒரு பிழையும் இல்லை மிஸி," என்று கைவிரித்தார்.

வினோஜா போர்வையை விலக்கினாள். காலடியிலும் இடுப்போரமும் பழைய வேட்டித் துணியில் கட்டிய முடிச்சுகள். வறுத்த உப்பு. இன்னும் சூடு ஆறவில்லை.

பாலேஸ்வரியை வாசலுக்குக் கூட்டிப் போனாள்.

"என்னம்மா செய்திருக்கிறியள்? நினைவில்லாத மனுசன். சுட்டாலும் சொல்லமாட்டார்."

"குளிர்ந்தாலும் சொல்லமாட்டாரெல்லோ பிள்ளை. என்னைப் பெத்த ஐயாவுக்கும் முதல் கால்தான் சில்லிட்டது. பிறகு ஆளே இல்லை."

வினோஜா சொன்னாள்: "இது நாங்கள் வேணுமெண்டு செய்யிற குளிர். ஆனால் நடுங்கினால் உடம்பு சூடேறும். கையையும் காலையும் மூடி வைச்சால் நடுக்கம் குறையும். கம்பளிச் சொக்ஸ் கொண்டுவாங்கோ. கால் உங்கடை பொறுப்பு. மிச்ச உடம்பு என்ரை பொறுப்பு."

அடுத்த நாள் வந்தது சிவப்புச் சொக்ஸ், அதில் வெள்ளை மான்கள். கனடாவிலிருந்து மகன் அனுப்பியது. அங்கே போகும்போது போடவென்று நடராசா பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். பாலேஸ்வரி பூட்டை உடைத்துவிட்டாள்.

உப்பு முடிச்சு பிறகு வரவில்லை. வீக்கம் இறங்கியது. ஆளை அவசரப்படாமல் மெல்ல மெல்லச் சூடாக்கினார்கள். ஒருநாள் தொண்டைக் குழாயையும் கழற்றினார்கள்.

நடராசா கண் திறந்து கூரையைப் பார்த்தார். வினோஜாவின் சுவெட்டர்களைப் பார்த்தார். கடைசியில் தன் காலைப் பார்த்தார்.

"ஆர் உந்தச் சொக்ஸை எடுத்தது?"

பாலேஸ்வரி அந்த மான்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான்தான். வீட்டை வந்து ஏசுங்கோ."