மாவு ஆறும் நேரம்

முதல் நாள்: சூடு

அரியலூரில் ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு மாவு மில்லில் நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் தொடக்கத்தில். படிப்பு இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டத் தெரியும், மூட்டை தூக்கத் தெரியும். அது போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

முதல் நாளே திட்டு வாங்கினேன். ஓர் அம்மா கம்பு அரைக்க வந்திருந்தார். மெஷினின் துணிக் குழாய் வழியாக மாவு தகர டின்னில் இறங்கி முடிந்தது. நான் ரொம்பச் சுறுசுறுப்பாக மூடியை அழுத்தி மூடி அந்த அம்மாவிடம் நீட்டினேன். முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்தார்.

“மூடியத் தொறடா. உள்ள கைய வுடு.”

விட்டேன். வெந்நீர்ப் பானைக்குள் விட்டது போல் இருந்தது.

“என்னா தெரியுது?”

“சுடுதுங்க.”

“சுடுற மாவ மூடி வெச்சா வேத்துப் போயிரும். அப்புறம் ஊச வாடை அடிக்கும். அந்தம்மா உன்னையவா திட்டும்? என்னையத்தான் திட்டும். அரைக்கிறது பாதி வேலைடா. ஆற வெக்கிறது மீதி.”

இந்தத் தொழிலில் அடுத்தவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் நானே கற்றுக்கொண்டது. கல் தேய்ந்துவிட்டதா என்பதை அது சுற்றும் சத்தத்தை வைத்தே சொல்வேன். தேய்ந்த கல்லை உளி வைத்துக் கொத்துவதில் அந்தச் சுற்று வட்டாரத்தில் எனக்கு நிகரான ஆள் கிடையாது. இதை நானே சொல்லக் கூடாதுதான். ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், வேறு யார் சொல்வது?

மூட்டை தூக்கப் போனவன், எழுபதுகள் முடிவதற்குள் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சொந்த மில் போட்டேன். எங்கள் அப்பா கடைசி வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர். திறப்பு அன்று ஸ்டார்ட்டரை அவர் கையால்தான் அழுத்தச் சொன்னேன். பெல்ட் சுற்றிய வேகத்தைப் பார்த்துப் பயந்து பின்னால் போய்விட்டார். அப்புறம் மோட்டாரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

செல்லம்மாவின் பை

மில் போட்டுச் சில வருடங்கள் கழிந்திருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்லம்மா என்ற பெண் பெரிய துணிப்பையோடு வந்தார். பக்கத்துக் கிராமம். சின்ன வெங்காயக் காட்டுக்குக் கூலிக்குப் போகிறவர். வீட்டுக்காரர் பெரியசாமி, அரியலூர் பக்கம் சுண்ணாம்புக்கல் குவாரியில் லோடு ஏற்றுகிறவர். லீவு கிடைத்தால்தான் ஊருக்கு வருவார். செல்லம்மாவின் பின்னால் அவர் மகன் குமாரு நின்றான்.

“அண்ணே, இத ஒண்ணா அரைச்சுத் தாங்க. நைசா வேணும்.”

பையில் கையை விட்டுப் பார்த்தேன். கேழ்வரகு, கம்பு, பாசிப்பயறு, வேர்க்கடலை, நிழலில் காயவைத்த வல்லாரை இலை.

“என்னா தங்கச்சி இது, சீர்வரிசை மாதிரி எல்லாம் கெடக்கு?”

“புள்ளைக்குங்க. எழுத்து ஏற மாட்டேங்குது. டாக்டரம்மா, மொதல்ல ஒடம்பத் தேத்து, பயறும் கடலையும் குடுன்னாங்க. வல்லாரை தின்னா புத்தி வரும்னு ஊர்ல சொல்றாங்க. ட்ரில் வாத்தியாரு காத மாத்திப் புடிச்சுத் தோப்புக்கரணம் போடச் சொன்னாரு. தலையில செங்கல்ல வெச்சு வரப்பு மேல நடந்தா மனசு ஒரு நிலையில நிக்கும்னாரு எங்க மாமா. அதுவும் நடக்குறான்.”

“செங்கல்லு வுழுவுதா?”

“இல்லைங்க. செங்கல்லு நிக்குது. எழுத்துதான் நிக்க மாட்டேங்குது.”

பையன் மக்கு இல்லை. எந்த ஊர் பஸ் எப்போது கிளம்பும் என்று கேட்டால் கடகடவென்று சொல்வான். மனக்கணக்கு என்னைவிட வேகம். என்னைவிட வேகமாகக் கணக்குப் போட்டவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆனால் ப, ட, ம மூன்றும் அவனுக்கு ஒன்றுபோல் தெரிந்தன. சிலேட்டைக் கையில் எடுத்தாலே கை நடுங்கும். அடி வாங்கி வாங்கி வந்த நடுக்கம். ஐந்தாம் வகுப்பில் ஏற்கெனவே ஒருமுறை பெயில்.

“இந்த வருசமும் பெயிலாப் போனா அவங்கப்பா குவாரிக்கு அழைச்சிட்டுப் போயிருவாரு. கல்லு ஒடைக்கிற மேஸ்திரிகிட்ட சொல்லியே வெச்சிருக்காரு” என்றார் செல்லம்மா. “பதினோரு வயசுங்க அவனுக்கு.”

எனக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். வேர்க்கடலை எண்ணெய் விட்டுக் கல்லில் அப்பிக்கொள்ளும். வறுத்து, பொட்டுக்கடலையோடு கலந்து கொண்டுவந்தால் பூப்போல விழும். அடுத்த ஞாயிறு அப்படியே கொண்டுவந்தார். மிளகாய் வாடை துளியும் ஒட்டாத மெஷினில், காலையில் முதல் ஆளாக அவருக்கு அரைத்துக் கொடுத்தேன்.

“ஒடனே டின்னுல அடைக்காத. பின்னால சாக்குக் கொட்டாயில விரிச்சு ஆற வெச்சு எடுத்துக்கிட்டுப் போ.”

அவரும் துவைத்த வெள்ளை வேட்டி ஒன்றைக் கொண்டுவந்து விரித்து, மாவைப் பரப்பிவிட்டு, பையனோடு உட்கார்ந்துகொள்வார். அதிக நேரம் உட்கார்ந்திருப்பார்கள். ஞாயிறு என்றால் மில்லில் தலை சொறிய நேரம் இருக்காது. வோல்டேஜ் விழுவதற்குள் வரிசையை முடித்தாக வேண்டும். கொட்டகைப் பக்கம் நான் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. போகும்போது பையனின் கை முழங்கை வரை வெள்ளையாக இருக்கும். மாவை அள்ள உதவுகிறான் போல என்று நினைத்துக்கொண்டேன்.

பரீட்சை மாவு

அரைப் பரீட்சை முடிந்த சமயம் குமாருவின் வாத்தியார் கோதுமை அரைக்க வந்தார்.

“என்னய்யா போடுற அந்த மாவுல? குமாரு நேத்து போர்டுல இருந்த பாடத் தலைப்ப எழுத்துக் கூட்டிப் படிச்சுட்டான். நான் சாக்பீஸக் கீழ போட்டுட்டேன்.”

“எல்லாம் கல்லுல இருக்கு சார். நைசா வுழுந்தாத்தான் சத்து மூளை வரைக்கும் போவும்.”

அப்போது அதை நானும் நம்பினேன். நம்பாமல் எப்படி? கல் கொத்தியவன் நான், அரைத்தவன் நான். வாத்தியாரே தன் மகளுக்கு அதே கலவையைக் கேட்டார். அவர் கேட்டதை வரிசையில் நின்றவர்கள் கேட்டார்கள். நான் நானாகவே தானியம் வாங்கி, வறுத்து, அரைத்து, ராத்திரி முழுக்க ஆறவைத்து, பொட்டலம் கட்டி வைத்தேன். ‘பரீட்சை மாவு’ என்று ஜனங்களே பெயர் வைத்துவிட்டார்கள். பூலாம்பாடியிலிருந்தும் தா.பழூரிலிருந்தும் பஸ் ஏறி வந்து வாங்கிப் போனார்கள். என் பெயரைச் சொன்னால் பஸ் ஸ்டாண்டில் வழி காட்டுவார்கள். அப்படி இருந்தது காலம்.

ஜைனம்பு கேட்ட கேள்வி

முழுப் பரீட்சைக்குக் கொஞ்ச நாள் முன்னால், மறுபடியும் ஒரு ஞாயிறு. லெப்பைக்குடிக்காட்டிலிருந்து ஜைனம்பு என்ற பெண் வந்தார். வெள்ளைத் துப்பட்டி, கைப்பிடியில் மகன். இரண்டு மூன்று மாதமாக என் பொட்டலத்தை வாங்கிப் போகிறவர். வரிசையில் நிற்காமல் நேரே கல்லாவுக்கு வந்தார்.

“அண்ணே, ஒங்க மாவத் தின்னு எம் புள்ளைக்குச் சதை புடிச்சிருக்கு. எழுத்து புடிக்கல.”

வரிசையில் எல்லாரும் திரும்பினார்கள்.

“அவங்கத்தா சவுதியிலேர்ந்து மீன் எண்ணெய் மாத்திரை வேற அனுப்புறாக. வாயத் தொறந்தா மீன் வாடை. புத்தகத்தத் தொறந்தா தூக்கம். நானும் எத்தனையத்தான் குடுக்குறது?”

சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“அதே கல்லு, அதே மாவு தங்கச்சி. புள்ளைக்குப் புள்ள மாறுமில்ல?”

“அப்ப தேறுன புள்ளையக் காட்டுங்க. அது வேற என்னா பண்ணுதுன்னு பாக்குறேன். பாக்காம போவ மாட்டேன்.”

செல்லம்மா அன்று கொட்டகையில்தான் இருந்தார். என் மாவின் பெருமையை நேரில் காட்டிவிடலாம் என்று நானே முன்னால் நடந்தேன்.

குமாரு வேட்டியின் ஓரத்தில் மண்டி போட்டிருந்தான். பரப்பிய மாவில், தோளிலிருந்து கை மொத்தமும் அசைய, ஒரு பெரிய ‘ட’ போட்டான். வாய்விட்டு “ட” என்றான். பக்கத்தில் ‘ப’. செல்லம்மா உள்ளங்கையால் ஒரு தடவு தடவினார். மாவு பழையபடி சமமாகிவிட்டது. மறுபடி போட்டான். இந்த முறை வளைவு தப்பாகப் போனது. செல்லம்மா அதையும் தடவினார்.

“என்னா நடக்குது இங்க?” என்றேன்.

செல்லம்மா பதறி எழுந்தார். “கைய முழங்கை வரைக்கும் கழுவிட்டுத்தாண்ணே எழுதுறான். எங்க வூட்டு மாவுதான், நாங்கதான் திங்கப் போறோம்.”

“அதக் கேக்கலம்மா. எப்பலேர்ந்து இது?”

“மொத நாள்லேர்ந்துங்க. நீங்கதான் ஆற வெச்சு எடுத்துக்கிட்டுப் போவச் சொன்னீங்க. சும்மா உக்காந்திருக்கையில அவனாவே வெரல வெச்சான். சிலேட்ட எடுத்தா நடுங்குற கை, மாவுல நடுங்கல. நான் மூணாப்பு வரைக்கும் படிச்சவ. எனக்குத் தெரிஞ்ச எழுத்த ஒண்ணு ஒண்ணாப் போடச் சொல்லுவேன். தப்பாப் போட்டா தடவிருவேன். சிலேட்டுல அழிச்சாலும் தடம் தெரியும், நோட்டுல செவப்பு மை தெரியும். இதுல தப்பு பண்ணுனதே தெரியாதுங்க.”

ஜைனம்பு என்னைப் பார்த்தார். கையில் இருந்த என் பொட்டலத்தைப் பார்த்தார்.

“நீங்க ஆற வெச்சுல்ல குடுத்தீங்க எனக்கு. புள்ளையோட உக்கார வழியே இல்லாம” என்றார்.

அந்தப் பொட்டலத்தைக் கைநீட்டித் திரும்ப வாங்கிக்கொண்டேன். அதுவரை எந்த வாடிக்கையாளரிடமும் கொடுத்த மாவைத் திரும்ப வாங்கியவன் இல்லை நான்.

கல்லு எங்கேயும் போகாது

அந்த நேரம் பார்த்துப் பெரியசாமி கொட்டகைக்குள் வந்தார். தலையில் துண்டு, புருவமெல்லாம் சுண்ணாம்புத் தூசி.

“ஏ புள்ள, இவன் துணிமணிய எடுத்து வையி. மேஸ்திரிக்கு ஆளு பத்தலையாம். லாரி பஸ் ஸ்டாண்டுல நிக்கிது.”

“பரீட்சை முடியட்டும்னு சொன்னீங்களே” என்றார் செல்லம்மா.

“முடிஞ்சா மட்டும்? பெயிலுதான். மாவத் திங்க வெச்ச, தோப்புக்கரணம் போட வெச்ச, என்னாத்தக் கண்ட? எனக்கும் படிப்பு ஏறல. நான் என்னா செத்தா போயிட்டேன்?”

“ஒரு வார்த்த படிச்சுக் காட்டச் சொல்றேன். கேட்டுட்டு அழைச்சிட்டுப் போங்க.”

“எனக்கு எழுத்து தெரியாதுன்னு தெரிஞ்சே சொல்றியா? இவன் உருப்போட்டத ஒப்பிச்சா எனக்கு எப்படித் தெரியும்?”

நான் குறுக்கே போனேன். “மில்லுக்கு வாய்யா. வரிசையில டின்னு நிக்குது. எல்லாத்துலயும் பேரு எழுதியிருக்கு. எது யாரு டின்னுன்னு நான் கண்ண மூடிக்கிட்டே சொல்லுவேன். நீ கைய வெச்சுக் காட்டு. அவன் படிக்கட்டும். சரியா தப்பான்னு நான் சொல்றேன்.”

மோட்டாரை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை வரிசை நிற்க மோட்டாரை நிறுத்திய மில்காரன் நான் ஒருவன்தான். யாரும் முணுமுணுக்கவில்லை.

பெரியசாமி முதல் டின்னைக் காலால் காட்டினார். குமாரு மெதுவாக, “ரா... மா... யி” என்றான். சரி என்றேன். அடுத்தது “மாரிமுத்து.” சரி. மூன்றாவது, பட்டாணிக்கடை டின். குமாரு வாயைத் திறந்தான், மூடினான். செல்லம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பெரியசாமி, “அவ்வளவுதான்” என்று திரும்பினார்.

குமாரு கீழே உட்கார்ந்தான். டின் மூடியில் படிந்திருந்த மாவுத் தூசியில் சுட்டுவிரலை வைத்தான். ஒரு வளைவு போட்டான். உள்ளங்கையால் தடவினான். மறுபடி போட்டான். பிறகு நிமிர்ந்து, “பட்... டா... ணி. பட்டாணிக்கடை” என்றான்.

“சரி” என்றேன். வரிசையில் நின்ற பட்டாணிக்கடைக்காரரும், “என் டின்னுதான்யா” என்றார்.

பெரியசாமி குனிந்து, மூடியில் மகன் போட்ட எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டார்.

“கல்லு எங்கியும் போயிராது. அது பாட்டுக்குக் கெடக்கும்” என்று சொல்லிவிட்டு, தனியாக லாரிக்கு நடந்தார்.

நான் ஸ்டார்ட்டரை அழுத்தினேன்.

கேட்டு வருகிறவர்களுக்கு

குமாரு அந்த வருடம் பாஸ். தமிழில் தட்டுத் தடுமாறித்தான். பிறகு எஸ்.எஸ்.எல்.சி. முடித்து, பஸ் கண்டக்டர் ஆனான். இப்போதும் புதிதாக ஒரு வார்த்தை எழுதுமுன் அவன் சுட்டுவிரல் தொடையில் ஒருமுறை ஓடும். ஜைனம்புவும் அன்றே துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு மகனோடு கொட்டகையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பையனுக்கு வாசிப்பு வர அதிக காலம் பிடித்தது. வந்தது, வேகம் மட்டும் வரவில்லை. அதற்காக அவர் என்னைத் திட்டவும் இல்லை.

பொட்டலம் கட்டுவதை நான் நிறுத்திவிட்டேன். சாக்குகளை வேறு இடத்துக்கு மாற்றி, கொட்டகைக்கு சிமெண்ட் தரை போட்டேன். ஞாயிறு காலையில் ஐந்தாறு தாய்மார், சில சமயம் தகப்பன்மார்கூட, வேட்டி விரித்து உட்கார்ந்திருப்பார்கள். மற்ற மில்காரர்கள், “மில்லு நடத்துறியா, பள்ளிக்கூடம் நடத்துறியா?” என்று கேலி செய்தார்கள். பிள்ளைகளுக்காக மாவு ஆறவைக்க இடம் கொடுத்த மில் பெரம்பலூரில் என்னுடையதுதான். இதையும் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

இப்போதும் யாராவது, பிள்ளைக்குப் படிப்பு ஏற என்ன மாவு கொடுக்கலாம் என்று என்னிடம் வருகிறார்கள். மாத்திரையெல்லாம் டாக்டரைக் கேளுங்கள் என்பேன். மாவு எதுவானாலும் கொடுங்கள். பசித்த பிள்ளை படிக்காது. ஆனால் மாவு ஆறும் வரைக்கும் பிள்ளை பக்கத்தில் உட்காருங்கள். தப்பாகப் போட்டால் தடவிவிடுங்கள். அது உங்கள் வேலை.

அரைக்கிற வேலையை என்னிடம் விடுங்கள். அதில் குறை சொல்ல ஆள் இல்லை.