தூணில் இழுத்த சிவப்புக் கோடு

எங்கள் அலுவலகக் கட்டடத்தின் முன் தூணில், இடுப்பு உயரத்தில் ஒரு சிவப்புக் கோடும் அம்புக்குறியும் இருக்கின்றன. சாலையை அகலப்படுத்த அரசாங்கம் போட்ட அடையாளம் என்றுதான் பதினாறு வருடமாக எல்லோரும் நினைக்கிறார்கள். போட்டவன் நான்.

பருத்திக் கிடங்காக இருந்து, கொழும்புக் கப்பலுக்குச் சீட்டு விற்கும் இடமாகி, கடைசியில் எங்களிடம் வந்து சேர்ந்த கட்டடம் அது. மாடியில் உப்பு ஏற்றுமதிக்காரர் ஒருவரும், சுங்கத்தில் சரக்கை விடுவிக்கும் எங்கள் அலுவலகமும். கீழே, கப்பல்காரர்களுக்குச் சீருடை தைக்கும் அண்ணாச்சி. துறைமுகத்திலிருந்து வருகிறவன் யாரையும் வழி கேட்காமல் நேரே அவர் கடையில்தான் வந்து நிற்பான். இடம்தான் அவருக்குப் பிழைப்பு.

என்னை அப்போது 'தமாஷ் பேர்வழி' என்பார்கள். வேலை தெரியாதவனுக்கு அலுவலகம் கொடுக்கக்கூடிய ஒரே பட்டம் அது. பக்கத்துத் தெருவில் இடிக்க வேண்டிய கட்டடங்களுக்கு அரசாங்க ஆட்கள் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள். சரக்குப் பெட்டிகளுக்குக் குறி போடும் பெயின்ட் மிச்சம் இருந்தது. அண்ணாச்சி சாப்பிடப் போன நேரத்தில் இழுத்துவிட்டேன். நாலு மணி டீக்கு உண்மையைச் சொல்லி, அவர் திட்டுவதை ரசிப்பதாகத் திட்டம்.

மூன்று மணிக்கே ஒரு கப்பல் வேலையாக என்னைத் துறைமுகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஐந்தாம் நாள் திரும்பினால், அண்ணாச்சி துறைமுகத்தை விட்டுத் தள்ளி, மாப்பிள்ளையூரணியில் கடை பிடித்திருந்தார். இங்கே இருந்த இடத்தைக் கட்டடத்தின் சொந்தக்காரர், இடிக்கும்வரை இருந்தால் போதும் என்ற ஒரு செல்போன் கடைக்குப் பேசிவிட்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். கூடமாட நின்று தையல் மெஷினைக் குட்டியானை வண்டியில் ஏற்றிவிட்டேன்.

"ஏலே, நீயும் வேற ஆபீசு பாரு. இடிக்க வாரவன் ஒன் சிரிப்பப் பாத்துட்டு நிக்க மாட்டான்" என்றார்.

மாப்பிள்ளையூரணியில் கப்பல்காரன் எங்கே இறங்குவான்? அண்ணாச்சி பள்ளிக்கூடச் சட்டை தைத்தார், பிறகு தலையணை உறை. அந்தப் பக்கம் போக நேர்ந்தால் நான் சுற்றுவழியில் போவேன். இவ்வளவு தைரியசாலி நான்.

போன மாதம் அண்ணாச்சியே வந்தார். உப்புக்காரர் மகள் கல்யாணத்துக்கு வந்தவர், கட்டடத்தைப் பார்க்க ஆசைப்பட்டாராம். செல்போன் உறைகள் தொங்கும் தன் பழைய கடையைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு தூணருகே குனிந்து கோட்டை நகத்தால் சுரண்டினார்.

"கோடும் இருக்கு, கட்டடமும் இருக்கு. நாந்தான் அவசரப்பட்டுட்டேன், என்னலே?"

நான் வாயைத் திறந்தேன். ஊரையே சிரிக்க வைத்த வாய்.

"நல்ல பெயின்ட்டு. இத்தன மழைக்கும் போகலியே" என்றார்.

"ஆமா அண்ணாச்சி" என்றேன்.