ராஜாவுக்குச் சேதி சொல்பவள்

"மழை இல்லீங்கய்யா. வாழையெல்லாம் வாடிக் கெடக்கு. கலூலே வீட்டுல ரெட்டைப் புள்ளைங்க. பந்தாட்டத்துல நம்ம ஆளுங்க தோத்துட்டாங்க, அதை நான் சொன்னதா வச்சுக்காதீங்க."

மலைமேலுள்ள பெரிய குடிசையில், மரப்பட்டைத் திரைக்கு முன்னால் கால்களை ஒருபக்கமாக மடித்து உட்கார்ந்து நம்பூசி அம்மாள் பேசுகிறாள். திரைக்கு அந்தப் பக்கம் அவள் கணவர், உகாண்டா நாட்டிலுள்ள புகாண்டா ராஜ்யத்தின் ராஜாக்களில் ஒருவர். அவர் போய் இருநூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. செத்தார் என்று மட்டும் அவள் காதுபடச் சொல்லிவிடக் கூடாது. கணக்கெடுக்க வந்த அதிகாரி ஒருவர் தெரியாமல் சொல்லிவிட்டார். "செத்தது உங்க தாத்தா. எங்கய்யா காட்டுக்குள்ள போயிருக்கார்" என்றாள். அவர் பேனாவை மூடிக்கொண்டு மலையிறங்கிப் போனார்.

அந்த ராஜாவுக்கு நான்கு குலங்களிலிருந்து நான்கு மனைவிகள். ஒருத்தி கண்மூடினால் அவளுடைய அண்ணன் தம்பி பெண்களில் ஒருத்தி அதே குடிசைக்கு, அதே பெயரோடு, அதே மனைவியாக வந்து உட்கார வேண்டும். பிறகு வேறு கல்யாணம் கிடையாது. இவள் ஒன்பதாவது நம்பூசி. வந்து முப்பத்தோரு வருஷம். எசேசா என்ற சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட இன்று ஒரு ஆள் இல்லை. "நானும் அய்யாவும் ஏரி தாண்டி வந்தப்போ இங்க ஒரே சிறுத்தை" என்பாள், முதல் நம்பூசிக்கு நடந்ததைப் போன வாரம் தனக்கே நடந்த மாதிரி.

ஊரில் பிள்ளை பிறந்தாலும், பரீட்சையில் தேறினாலும், அவரவர் குலத்து மனைவியிடம் வந்து சொல்வார்கள். அவள் ராஜாவிடம் சொல்வாள். மற்ற மூன்று குடிசைகளுக்கும் வர ஆளில்லாமல் பூட்டுப் போட்டாகிவிட்டது. இப்போது எல்லாக் குலத்துச் சேதியும் இவள் தலையில். "அடுத்த குலத்துச் சேதியை நான் சொல்லலாமோ கூடாதோ. சொல்லாட்டி அவர் யார்கிட்ட போய்க் கேப்பார், பாவம்?"

இவளுடையது வெட்டுக்கிளிக் குலம். நவம்பரில் ஊரே வெட்டுக்கிளி வறுக்கும்போது இவள் கதவைச் சாத்திக்கொள்வாள். "எங்க குலத்தையே வறுத்துத் தின்னுட்டு, கையைத் தொடச்சிக்கிட்டு எங்கிட்ட கும்பிட வருதுங்க."

பகலுக்குக் குறைவில்லை, ஆட்கள் வந்துபோவார்கள். சாயங்காலம்தான் அவளைத் தின்னும். வாழைக்காயை இலையில் பொதிந்து அவிப்பது கூட்டத்துக்கான சமையல். ஒற்றை ஆளுக்குப் பொதி கட்டும்போதெல்லாம் அவளுக்குக் கை சோர்ந்துவிடும். "புருஷன் இருக்கார். பதில்தான் சொல்ல மாட்டேங்கிறார்" என்று சிரிப்பாள். சேதி சொல்ல வந்த ஊர்க்காரர்கள் நாங்களும் சிரிப்போம், சிரித்துவிட்டு எங்கள் வீட்டுக்குப் போய்விடுவோம்.

இந்த வருஷம் அவள் நெஞ்சு இரண்டு தடவை அடைத்தது. டிசம்பருக்குள் அடுத்த நம்பூசியைக் காட்டாவிட்டால் நாலாவது குடிசைக்கும் பூட்டு என்று குலத்துப் பெரியவர் சொல்லிவிட்டார். அண்ணன் மகள் பெனினா, மசாக்கா நகரத்தில் முடி பின்னும் கடை வைத்திருப்பவள், ஒரு வாரம் இருந்து பார்க்க வந்தாள்.

"இருநூறு வயசுக் கிழவரைக் கட்டிக்கச் சொல்றீங்களே அத்தை, ஆள் வாட்டசாட்டமா இருப்பாரா?"

"அதுக்கென்ன குறை மருமகளே. குடிக்க மாட்டார், அடிக்க மாட்டார், குறட்டைகூட இல்லை."

ஆறு நாளும் மலையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அத்தை பெரிய பொதியாகக் கட்டினாள். மருமகள் அவள் தலையைப் பின்னிவிட்டாள். மூன்றாம் நாளே திரைக்கு முன் உட்கார்ந்து, நாக்குப் பிசகாமல் சேதி சொல்லவும் பழகிவிட்டாள். இவள் போய்விட்டால் எப்படி இருக்கப் போகிறேன் என்று அத்தைக்குப் பயமே வந்துவிட்டது.

ஏழாம் நாள் பெரியவர் வந்தார். பெனினா தரையைப் பார்த்துக்கொண்டு, "அத்தை இருன்னா இருந்துடறேன்" என்றாள்.

"சொல்லும்மா நம்பூசி. உன் வார்த்தைதான்."

நம்பூசி அம்மாள் வாசலைப் பார்த்தாள். மலையடியில் ஒருவன் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் நின்றிருந்தான். பெனினாவைக் கட்டிக்கொள்ள இருப்பவன். காலையிலிருந்து நிற்கிறான், மேலே ஏறி வரவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.

அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். வாசலில் வந்தவர்கள் கழற்றிவிட்ட செருப்புகள் எல்லாம் உள்ளே பார்த்துக் கிடந்தன. அவற்றில் பெனினாவின் ஜோடியைத் தேடி எடுத்தாள். தன் இடுப்புத்துணியின் நுனியால் புழுதியைத் துடைத்தாள். பிறகு குனிந்து, அவற்றைப் பாதையைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.