பொட்டு வைத்த டிரைவ்

வளர்மதியின் கை பட்டால் செத்த கம்ப்யூட்டரும் எழுந்து உட்கார்ந்து நாஷ்டா கேட்கும் என்று உத்திரமேரூரில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டவள் அவளேதான். எழுந்தது பாதிதான், நாஷ்டா கேட்டது தன் வயிறு என்று நெருக்கிக் கேட்டால் ஒப்புக்கொள்வாள்.

பஞ்சாட்சரத்தின் போட்டோ ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் பெட்டியின் மூடியைக் கழற்றியதும் அந்தப் பசியும் செத்தது. உள்ளே ஒட்டடை, எலிப் புழுக்கை. போன வாரம் ஆயுத பூஜைக்குப் படைத்த பொரி ஓட்டை வழியே விழுந்து நமத்துக் கிடக்க, அதன்மேல் கரப்பான் குடும்பம். எலி மூத்திர வாடை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"கம்ப்யூட்டரா இது, குப்பைமேடாண்ணா?"

"ஓடிக்கினுதானே கீது," என்றார் பஞ்சாட்சரம், வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே.

கல்யாண ஆல்பம் செய்யும் சாஃப்ட்வேர் பழைய விண்டோஸில்தான் ஓடும். அதில் இன்டர்நெட் திறந்தால் வைரஸ். ஆகவே புது ஹார்ட் டிரைவ் ஒன்று வாங்கி அவரே மாட்டியிருந்தார். அதில் இன்டர்நெட்டுக்காக லினக்ஸ் ஏற்ற வேண்டும். பழைய டிரைவில் அவர் மகள் கல்பனாவின் கல்யாணப் படங்கள் அத்தனையும் இருந்தன. வேறு பிரதி உண்டா என்று கேட்டால், மனிதர் பல்லைக் காட்டினார்.

"பழசோட வயர புடுங்கிட்டுத்தான் ஆரம்பிப்பேன். கை தவறினாலும் படத்துக்கு ஒண்ணும் ஆவாது."

"ஸ்கிரீன்ல பாத்து அமுக்கினா ஆச்சி. இன்னாத்துக்கு வுள்ள கைய வுட்டுக்கினு?"

அவள் கேட்கவில்லை. இரண்டு டிரைவும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. அவருடைய சுண்ணாம்பு விரல் பட்டு இரண்டும் ஒன்றுபோல் அழுக்கு; துடைத்து லேபிளைப் படிக்க மனம் வரவில்லை. ஒன்றில் மட்டும் சந்தனப் பொட்டு தெரிந்தது. புதுச் சாமானுக்குப் பொட்டு வைக்காமல் இந்தப் பக்கம் யார் மாட்டுவார்கள்? முகத்தைத் திருப்பிக்கொண்டு, பொட்டில்லாததன் வயரைப் பிடுங்கினாள். கரப்பான் ஒன்று மணிக்கட்டில் ஏறி இறங்கியது.

லினக்ஸ் பெண்டிரைவைச் செருகி ஆரம்பித்தாள். மிச்சமிருந்த டிரைவ் மூன்று பாகமாகப் பிரிந்திருப்பதாகத் திரை காட்டியது. யாரும் பயன்படுத்தாத புதுசு எப்படிப் பிரிந்திருக்கும்?

"கடையிலியே பிரிச்சி குடுத்திருப்பான். அமுக்கு," என்றார் பஞ்சாட்சரம்.

இந்த நாற்றத்தை விட்டு ஓடினால் போதும் என்றிருந்தது. முழுவதும் அழிக்கச் சொல்லிவிட்டு, என்டர் மேல் விரலை வைத்தாள். அமுக்க வரவில்லை. விரலை எடுத்துவிட்டு, டீ கொண்டுவந்த அவர் மனைவி அம்முலுவைக் கேட்டாள்.

"அண்ணி, பொட்டு வச்சதுதானே புதுசு?"

அம்முலு பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இல்லடி வளரு. ஆயுத பூசை அன்னிக்கி மூடியத் தொறந்து பழசுக்கு நான் வச்ச பொட்டு அது. புதுசு நேத்துதான் வந்துச்சி. இந்தாளு குளிக்காம கொள்ளாம அப்டியே எடுத்து மாட்டிட்டாரு."