மொட்டு வைக்காத செவ்வந்தி

எங்கள் நர்சரியில் பசுமைக்குடிலைப் பார்த்துக்கொள்கிறவள் கண்ணாடி அக்கா. குடிலின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பதால் நான் வைத்த பெயர். "நீ வந்து மூஞ்சியப் பாத்துக்கத்தான் தொடைக்கிறேன்" என்பாள். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அந்த வாய்தான் பொழுதுபோக்கு.

இந்தக் கோடையில் முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார். "செவ்வந்தி நேரத்துக்குப் பூத்தா குடில் இருக்கும். இல்லன்னா பிரிச்சிட்டு வண்டி நிறுத்த இடம் பண்ணிடுவேன்." குடில் போனால் அக்காவின் வேலையும் போச்சு. அன்றிலிருந்து செடியே கதியென்று கிடந்தாள். நுனி கிள்ளினாள், பூச்சி பொறுக்கினாள். செடி கொழுகொழுவென்று வளர்ந்தது. மொட்டு மட்டும் வைக்கவில்லை.

செவ்வந்திக்கு நீண்ட இருட்டு வேண்டும். கோடை முடிந்து பொழுது சீக்கிரம் சாய ஆரம்பித்தால் தானாக மொட்டு வைத்துவிடும். இந்த முறை என்ன கேடோ தெரியவில்லை. அக்கா உரத்தை மாற்றிப் பார்த்தாள், தண்ணீரைக் குறைத்துப் பார்த்தாள், என்மேல் எரிந்து விழுந்தாள்.

ஒரு நாள் அக்கா குடில் கதவைப் பூட்டும்போது இருட்டிவிட்டது. சந்து முனையில் புதிதாக நட்ட தெருவிளக்கு எரிந்தது. கோடை முழுவதும் வெளிச்சத்தோடேயே வீட்டுக்குப் போனவள், அது எரிவதை அன்றுதான் பார்த்தாள். கூரை வழியாக வெளிச்சம் நேரே செவ்வந்தி மேல் விழுந்தது. விடிய விடிய எரிகிற விளக்கு. அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அணைக்கச் சொல்லுவோம்க்கா" என்றேன்.

"போட வெச்சதே எங்க வீட்டுக்காரர்தான்டி. அவர்கிட்ட எந்த வாயால சொல்லுவேன்?"

உண்மைதான். போன குளிர்காலத்தில் அக்கா அந்தச் சந்தில் பள்ளம் தெரியாமல் விழுந்து கையை ஒடித்துக்கொண்டாள். மனுஷன் ஆபீஸ் ஆபீஸாகச் செருப்புத் தேய அலைந்து அந்த விளக்கை வாங்கினார். பார்க்கிறவர்களிடமெல்லாம் அதே பெருமை. கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

சாயங்காலமானதும் கறுப்புத் துணி போட்டு மூடினோம். அடித்த வெக்கையில் செடி உள்ளே புழுங்கி அழுக ஆரம்பித்தது. துணியை எடுத்துவிட்டோம். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. திட்டுவதற்கு ஒரு ஆள் இருந்தாலாவது மனசு ஆறும். இதில் யாரைத் திட்டுவது?

முதலாளி இடத்தை அளக்க ஆள் அனுப்பிய அன்று, அக்காவை அழைத்துப்போக அவள் வீட்டுக்காரர் வந்தார். அளவு நாடாவைப் பார்த்ததும் அவர் முகம் செத்துவிட்டது.

"ஏன் பூக்கலையாம்?" என்று கேட்டார்.

நான் சொல்லத்தான் நினைத்தேன். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள்.

"இந்த வருஷ வெயில் அப்படிங்க."

அவர் அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். "போனா போவுது, விடு. வேற எங்கயாவது வேலை கிடைக்கும். அங்க தெருவிளக்கு இல்லன்னா சொல்லு, நானே போயி நின்னு போட வெச்சிடுறேன்."

"சரிங்க" என்றாள் அக்கா.