நரி என்னைப் பார்க்கவில்லை

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே படிப்பதை நிறுத்திவிடலாம். எனக்கு வருத்தமில்லை. "நரியப் பாத்து மிரண்டுட்டா" என்று என் முதுகுக்குப் பின்னால் சிரித்தார்களே, அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். போன மார்கழியில் எனக்கு நடந்தது இது. ஒரு வார்த்தை கூட்டவில்லை.

என் பெயர் கவிநிலா. மூலக்குளத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. ஓரியண்டீரிங் போட்டிக்காகப் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தேன். கையில் ஒரு வரைபடம், ஒரு திசைகாட்டி. காட்டுக்குள் அங்கங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கொடிகளை மறைத்து வைத்திருப்பார்கள். வரிசையாகக் கண்டுபிடித்து ஓடி வர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

பயிற்சியாளர் ஜில்பேர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு பென்ஷனோடு ஊர் திரும்பியவர். "அலே, அலே" என்று எங்களை விரட்டிக்கொண்டே இருப்பார். கிளம்பும் முன் எல்லோருடைய போனையும் வாங்கித் தன் பைக்குள் போட்டுக்கொள்வார். எங்கள் கழுத்தில் ஒரு விசில் மட்டும் தொங்கும்.

"போன எதுக்கு மாஸ்டர் வாங்குறீங்க? இருட்டிட்டா என்ன பண்றது?"

"போன்ல மேப் பாத்து ஏமாத்துவீங்க. வழி தெரியலன்னா விசில் ஊது. நான் வருவேன்."

அன்று வில்லியனூர் ரோட்டுக்கு உள்ளே தள்ளி, ஒரு பழைய முந்திரித் தோப்பு. சாயங்காலம் ஐந்து மணிக்கு எங்களைத் தனித்தனியாக அனுப்பினார்.

மற்ற கொடிகள் சுலபமாகக் கிடைத்துவிட்டன. கடைசிக் கொடி தோப்பின் நடுவில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்கும்போது வெளிச்சம் மங்கிவிட்டது. தாழ்ந்த கிளையில் தொங்கிய கொடியைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தேன்.

எதிரே ஒரு நரி.

பழுப்பு உடம்பு. ஒல்லிக் கால்கள். ஆளைக் கண்டால் நரி ஓடிவிடும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். இது ஓடவில்லை. காதுகளை மடக்கிக்கொண்டு, அடித்தொண்டையில் உறுமியது.

"ச்சீ, போ."

கல்லை எடுத்து எறிந்தேன். அதன் காலருகே விழுந்தது. அது கல்லைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் கவனித்தேன். அது என்னையும் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது.

திரும்பினேன். யாருமில்லை.

மெல்ல இடது பக்கம் நகர்ந்தேன். நரியின் கண்கள் சற்றுத் தாமதமாக நகர்ந்தன. எனக்குப் பின்னால் வரும் எதையோ தொடர்வதுபோல...

சரக்...

காய்ந்த முந்திரி இலைச் சத்தம். நின்றேன். பின்னால் இன்னும் ஓர் அடி விழுந்தது. அப்புறம்தான் நின்றது.

சத்தியமாக எனக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. கூட வந்தவர்களில் யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தேன்.

"எவன்டா அது? அறைஞ்சிடுவேன்."

ரோட்டுக்கே திரும்பிவிடலாம் என்று நினைத்தேன்.

திசைகாட்டியைப் பார்த்தேன். நான் திரும்பினால் முள்ளும் என்னோடு திரும்பியது. அது வடக்கைக் காட்டவில்லை. என் முதுகுப் பக்கத்தைக் காட்டியது.

"அக்கா..."

காதருகே. ஒரு பெண் குரல். களைத்துப்போன குரல்.

"அக்கா, ரோடு எந்தப் பக்கம்?"

நரி ஊளையிட்டது. பாய்ந்து ஓடி மறைந்தது.

விசிலை ஊதினேன். ஊதிக்கொண்டே ஓடினேன். எங்கோ பஸ் ஹாரன்... அந்தப் பக்கம் ஓடினேன்.

சரக்... சரக்... சரக்...

"அக்கா..."

திரும்பவில்லை.

ரோடு.

சத்தம் நின்றது.

வேனில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார் ஜில்பேர். எனக்கு எரிந்தது.

"அவ்ளோ நேரம் விசில் ஊதுனேனே, கேக்கலயா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் ஏன் வர்ல? வருவேன்னு சொன்னீங்கல்ல?"

டீயைக் கீழே வைத்தார். யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்.

"ரெண்டு விசில் கேட்டுச்சு."

உடனே மற்றவர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "ஒண்ணுமில்ல. நரியப் பாத்து மிரண்டுட்டா."

உண்மையைச் சொன்னவன் மதிவாணன். எனக்கு முன்பிருந்தே அங்கே பயிற்சி எடுப்பவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அஞ்சலாட்சி என்ற கல்லூரிப் பெண் இதே தோப்புக்குள் பயிற்சிக்காகப் போயிருக்கிறாள். எல்லோரும் வந்துவிட்டார்களா என்று பார்க்காமலே ஜில்பேர் வேனைக் கிளப்பிவிட்டார். அவள் போன் அவர் பைக்குள். விடியும்வரை அவள் அம்மா அந்தப் போனுக்குத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் கண்டுபிடித்தார்கள். பாம்பு கடித்திருந்தது. விசில் வாயிலேயே இருந்தது. பக்கத்துத் தெருக்காரர்களுக்கு ராத்திரி வெகுநேரம் விசில் கேட்டிருக்கிறது. பசங்க விளையாடுகிறார்கள் என்று விட்டுவிட்டார்களாம். சொல்லாமல் கொள்ளாமல் அவளாக உள்ளே போய்விட்டாள் என்று விஷயத்தை முடித்துவிட்டார்கள்.

ஜில்பேர் இன்றைக்கும் போன்களை வாங்கிப் பைக்குள்தான் போடுகிறார்.

கோபம் தாங்காமல் வைத்திக்குப்பத்தில் அஞ்சலாட்சி வீட்டுக்குப் போனேன். அவள் அம்மா செல்வாம்பாள் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். அழுவார், இல்லையென்றால் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

அவர் கை நிற்கவில்லை.

"உனக்கு முன்னாடியும் ரெண்டு பேரு வந்து சொன்னாங்கம்மா. எல்லாருகிட்டயும் வழிதான் கேக்குறா."

கத்தியைக் கீழே வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீயாச்சும் சொன்னியா?"